ஐம்பத்தைந்தா, அறுபத்தொன்பதா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு தமிழ்த்துறைப் பேராசிரியர் வகுப்பில் வந்து கேட்டபோது, நண்பர்கள் பலரும் கவிதை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். கவிதை எனக்கு வராது. கணக்கு ஓரளவு வரும். அந்தக் கணக்கும் ஒருமுறை தப்பாக வந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். படிப்போர் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் லால்குடிப் பக்கம். அய்யன் வாய்க்கால் பாயும் பூமி. அப்பா பிறர் வயலில் கூலி வேலை பார்ப்பவர். ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தைக் குத்தகைக்கும் பயிரிடுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல். கல்லூரி விட்டதும் மற்றவர்கள் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். நான் சாலை ரோடு வழியாகத் தில்லை நகருக்கு நடப்பேன்.

தில்லை நகரைப் பற்றி நம் நண்பர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண் போட்ட குறுக்குத் தெருக்கள். தெருவுக்குத் தெரு மருத்துவமனை. மாடிக்கு மாடி பயிற்சி நிலையம். அப்படியொரு மாடியில், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கும் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் மாலை வேலை எனக்கு. வினாத்தாள் தட்டச்சு செய்வது, மதிப்பெண் பதிவது, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. மாதம் மூவாயிரம் ரூபாய். என் தேர்வுக் கட்டணமும் தங்கையின் நோட்டுப் புத்தகங்களும் அதிலிருந்துதான்.

அங்கே கணக்கு எழுதும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் நீளமான பேரேட்டு நோட்டு ஒன்று உண்டு. மாணவர் பெயர், மதிப்பெண், கட்டிய தொகை எல்லாம் அதில் அடங்கும். சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்குப் பின், நிலையத்தை நடத்தும் சார் என்னை அழைத்தார். "நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? எந்த வகுப்பு எவ்வளவு சராசரி எடுக்குதுன்னு பட்டனைத் தட்டினா தெரியிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாமாண்டு மாணவனை நம்பி ஒருவர் ஒரு வேலையைத் தருகிறார் என்றால் சும்மாவா?

மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் பைத்தான் மொழியும், அதில் எழுதப்பட்ட ஜாங்கோ என்னும் இணையச் சட்டகமும் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தார். இந்த ஜாங்கோ பிறந்தது ஒரு பத்திரிகை அலுவலகத்தில். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் வெளிவரும் லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு நாளிதழில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் 2003-இல் தங்கள் வேலைக்காக எழுதத் தொடங்கியது அது. 2005 ஜூலையில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற கிதார்க் கலைஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள். தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் பயனற்றுப் போன பின்னும், எஞ்சிய விரல்களால் வாசித்துப் புகழ் பெற்றவர் அவர். நாளைக்கே செய்தி வெளியாக வேண்டும் என்ற அவசரத்தில் வேலை செய்வோருக்காக உண்டானது என்பதால், என் போன்ற அவசரக்காரனுக்கும் அது ஒத்து வந்தது.

நான் செய்தது மிக எளிது. அக்காவின் ஒரே நோட்டை மூன்று அட்டவணைகளாகப் பிரித்தேன்: மாணவர், மதிப்பெண், ரசீது. மதிப்பெண் ஒவ்வொன்றும் யாருடையது, ரசீது ஒவ்வொன்றும் யாருடையது என்பதை மாணவர் எண்ணே சொல்லும். வகுப்பில் இதைத்தான் 'பாரின் கீ' என்று படிக்கிறோம். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் எழுதிய கட்டுரையில் பிறந்த யோசனை இது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது, மற்ற இடங்களில் அதைச் சுட்டிக் காட்டு என்பது சாரம். வேண்டும்போது அட்டவணைகளை இணைத்துக் கொள்ளலாம். இணைப்பதில்தான் என் கதை இருக்கிறது.

ஜாங்கோவில் சராசரி காண்பது ஒரு வரி வேலை. 2009-இல் வந்த 1.1 பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பின் பக்கத்திலும் அதன் மாணவர் மதிப்பெண்ணின் சராசரியை எழுதி வை என்று 'அனோட்டேட்' என்ற சொல்லால் கட்டளையிட்டால் போதும். அது தானே தரவுத்தளத்திடம் போய்க் கேட்டு வாங்கி வந்துவிடும். ஒரே ஒரு சிக்கல். பழைய ஆண்டு மாணவர்களின் பெயரும் அட்டவணையில் இருந்தது. இந்த ஆண்டு மாணவர்களை மட்டும் எப்படிப் பிரிப்பது? யோசித்தேன். இந்த ஆண்டுத் தேதியில் ரசீது இருந்தால் அவர் இந்த ஆண்டு மாணவர். எவ்வளவு சாமர்த்தியமான யோசனை! அப்படியே வடிகட்டச் சொல்லிவிட்டேன்.

சோதித்தும் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாணவனை எடுத்தேன். மூன்று தேர்வில் 40, 50, 60. சராசரி 50. கணினியும் 50 என்றது. இன்னும் நான்கு பேரைப் பார்த்தேன். எல்லாம் சரி. நிம்மதியாகச் சாரிடம் ஒப்படைத்துவிட்டு அன்றைக்குப் பரோட்டா சாப்பிட்டேன்.

நிலையத்தில் இரண்டு வகுப்புகள். காலை வகுப்பில் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். ஆண்டுக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டிவிடுவார்கள். மாலை வகுப்பில் தென்னூர், உறையூர்ப் பக்கங்களிலிருந்து வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள், கட்டணத்தில் சலுகை, அதையும் நான்கு தவணையாகக் கட்டுவார்கள். ஜனவரி மாதத் தேர்வு முடிந்ததும் சார் பட்டனைத் தட்டினார். காலை வகுப்பு 64. மாலை வகுப்பு 55.

அவர் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சலுகையும் குடுத்து, இவ்வளவுதான் வருதுன்னா என்னத்துக்கு? ஜூன்லேர்ந்து சாயங்கால வகுப்பை நிறுத்திடலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாடகையும் மின்கட்டணமும் அவர் தலையில். எண் ஒன்று எதிரில் நிற்கும்போது அவர் வேறென்ன செய்வார்?

நான் ஒன்றும் பேசவில்லை. பேசியவர் அக்காதான். அதுவும் என்னிடம், மறுநாள், தேநீர் ஊற்றிக்கொண்டே. "ஏன் தம்பி, அந்தப் புள்ள தொண்ணூத்தஞ்சு வாங்குச்சே, அதைச் சேர்த்தியா?"

அந்தப் பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை. கட்டணமே வேண்டாமென்று சார் விட்டுவிட்டிருந்தார். கட்டணம் இல்லை, ஆகவே ரசீதும் இல்லை. ரசீது இல்லாதவர் இந்த ஆண்டு மாணவரே அல்லர் என்று நான் அல்லவா சட்டம் போட்டிருந்தேன்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றிரவு கதவைப் பூட்டாமல் உட்கார்ந்து, இணைந்த அட்டவணையை வரிசை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன்.

விளங்குவதற்காக வகுப்பைச் சுருக்கி ஐந்து பேர் என்று வைத்துச் சொல்கிறேன். இருவர் ஒரே தடவையில் கட்டியவர்கள்; மதிப்பெண் 80, 70. இருவர் நான்கு தவணைக்காரர்கள், இருவரும் 50. ஐந்தாவது அந்தப் பெண், 95. கூட்டினால் 345. ஐந்தால் வகுத்தால் 69. இதுதான் உண்மை.

கணினி என்ன செய்தது? மதிப்பெண் அட்டவணையையும் ரசீது அட்டவணையையும் மாணவர் எண்ணைக் கொண்டு இணைத்தது. நான்கு ரசீது உள்ளவனின் ஒரு மதிப்பெண் ஒவ்வொரு ரசீதுக்கும் எதிரே ஒருமுறையாக நான்குமுறை எழுதப்பட்டது. ஆக 80 ஒன்று, 70 ஒன்று, 50 எட்டு. 95 இல்லவே இல்லை. பத்து வரிசை, மொத்தம் 550, சராசரி 55. கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு பிழை கிடையாது. நம் திருச்சியில் 'சாலை ரோடு' என்று ஒரே பொருளை இரண்டு முறை சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் யாருக்கும் நட்டமில்லை. இங்கே ஒரே பிள்ளையை நான்கு முறை சொன்னதில் ஒரு வகுப்பே போகவிருந்தது.

காலை வகுப்பில் எல்லாருக்கும் ஒரே ரசீது. அதனால் அவர்களுடைய 64 சரியாகவே இருந்தது. கட்டணம் கட்ட முடியாத ஒரு பெண் கணக்கிலிருந்தே காணாமற் போனாள். தவணையில் கட்டிய இருவர் எட்டுப் பேரானார்கள். இதைச் செய்தவனோ, பள்ளிக் காலம் முழுதும் தவணையிலேயே படித்து வந்த நான்.

அப்படியானால் என் சோதனை ஏன் இதைக் காட்டவில்லை? இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. தனி ஒரு மாணவனை எடுத்தால் அவனுடைய 40, 50, 60 மூன்றுமே நான்கு நான்கு முறை வரும். எல்லாம் ஒரே அளவில் பெருகுவதால் சராசரி அசையாது. மொத்தத்தைக் கேட்டிருந்தால் 150-க்குப் பதில் 600 என்று வந்து அன்றைக்கே மாட்டியிருப்பேன். பலரை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான், ஒருவன் நான்கு பங்கும் ஒருவன் ஒரு பங்குமாக எடை மாறி, சராசரி சாய்கிறது. நான் ஆட்களைச் சோதித்தேன். பிழை வகுப்பில் இருந்தது. பல அட்டவணைகளைச் சேர்த்து ஒரே மூச்சில் கணக்குக் கேட்டால் விடை தவறக்கூடும் என்று ஜாங்கோவின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பரோட்டா சாப்பிடுமுன் அதைப் படித்திருக்க வேண்டும்.

திருத்தப் போய் இன்னொரு தப்பும் செய்தேன். ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுத்துக்கொள் என்பதற்கு 'டிஸ்டிங்க்ட்' என்றொரு சொல் உண்டு. அதைப் போட்டேன். 66.67 என்று வந்தது. ஆகா, சரியாகிவிட்டது போலிருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் அது 80, 70, 50 மூன்றின் சராசரி. ஐம்பது வாங்கிய இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது! அது மதிப்பெண்ணைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணும் இன்னும் வந்து சேரவில்லை. 55 ஆவது உண்மையிலிருந்து வெகுதூரம் விலகி நின்றது; இந்த 66.67 பக்கத்தில் வந்து நின்று ஏமாற்றியது. எனக்கு இதைக் கண்டால்தான் இப்போதும் பயம்.

கடைசியில் செய்தது இரண்டே காரியம். மாணவர் அட்டவணையில் கல்வியாண்டு என்று ஒரு கட்டம் சேர்த்தேன். யார் இந்த ஆண்டு மாணவர் என்பதை இனி ரசீது சொல்ல வேண்டியதில்லை. பிறகு, சராசரியை மதிப்பெண் அட்டவணையிலிருந்தே தொடங்கச் செய்தேன். ரசீதைப் பற்றி ஏதேனும் கேட்க வேண்டுமானால், 'இவருக்கு ரசீது உண்டா, இல்லையா' என்று தனி உட்கேள்வியாகக் கேட்டுக்கொள்ளலாம். அட்டவணையைக் கொண்டு வந்து ஒட்டக் கூடாது. 69 வந்தது.

மறுநாள் இதைச் சாரிடம் சொல்ல வேண்டும். வேலை போய்விடுமோ என்று பயம். பேசாமல் எண்ணை மாற்றிவிட்டால் என்ன என்றுகூட மனம் ஒரு கணம் சபலப்பட்டது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அக்காவின் நோட்டு மேசைமேல் இருந்தது. அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு போய், "சார், தப்பு என்னுது" என்று தொடங்கினேன். எட்டு ஐம்பதுகளையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். "நல்லவேளை, நோட்டீஸ் அடிக்கல" என்றார். பிறகு அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: "சராசரி நல்லாத்தான் இருக்கு. வசூல்தான் இல்ல." மாலை வகுப்பு ஜூனிலும் நடக்கும் என்றார். அதற்கு அடுத்த ஆண்டு பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதோடு விடவில்லை அக்கா. "வராத புள்ளைக்கு என்ன போட்ட?" என்றார். நோட்டில் அவர் சிறு கோடு போடுவார். நான் சுழி போட்டிருந்தேன். ஒரு தேர்வில் 80 வாங்கி, மறுதேர்வுக்குக் காய்ச்சலில் வராமற் போனவனுக்கு என் கணக்கில் சராசரி 40. ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கத் தரவுத்தளத்தில் 'நல்' என்று தனிக் குறி உண்டு. நல்வரவு, நல்வாழ்த்து என்பதில் வரும் நம் 'நல்' அன்று, சும்மா வெறுமை. சராசரி காணும்போது அதைச் சேர்க்காமல் விட்டுவிடும். அப்படி மாற்றினால் அவனுக்கு 80. ஆனால் கடினமான தேர்வு வரும் நாளெல்லாம் வயிற்றுவலி என்று நின்றுவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களுக்கும் சராசரி ஏறிவிடும். எது நியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சராசரிக்குப் பக்கத்திலேயே 'எழுதிய தேர்வுகள் இத்தனை' என்று காட்டுகிறேன்.

இரண்டு வகுப்பின் சராசரியையும் கூட்டி இரண்டால் வகுத்து நிலையத்தின் சராசரி என்று போடலாமா என்று சார் கேட்டார். கூடாது. பேச்சுக்குக் காலையில் 40 பேர், மாலையில் 10 பேர் என்றால், 64-உம் 69-உம் சேர்ந்து 66.5 ஆகாது, 65-தான். நம்முடைய மதிப்பெண் பட்டியலிலும் ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கிறார்கள் அல்லவா, அதே நியாயம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கணினி என்றால் அவருக்கு எட்டாத சங்கதி என்று நினைத்துக்கொண்டு, மிகவும் எளிமையாக்கிச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "இது அறுப்புச் சோதனைக் கணக்குதானப்பா" என்றார்.

பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று நம் கிராமங்களில் நடக்கிறது. நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டிப் பிரித்து, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். எந்த வயல், வயலில் எந்த மூலை என்பதையெல்லாம் குலுக்கல் எண்களே முடிவு செய்யும். இப்படிச் சில சதுரங்களின் சராசரிதான் ஊரின் விளைச்சல். 2016 முதல் நடக்கும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்புக்கு ஈடு கணக்கிட இந்தச் சராசரி ஓர் அடிப்படை. ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளும் அளவோ, கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு வருவது. இரண்டு மோசமான ஆண்டுகளை வடிகட்டிவிடுகிறார்கள். அந்த வடிகட்டல் விவசாயிக்கு அனுகூலமானது. ஆக, கிராமம் என்றோர் அட்டவணை, அதைச் சுட்டும் பரிசோதனைகள் என்றோர் அட்டவணை, இடையில் ஒரு சராசரி. நான் தில்லை நகர் மாடியில் கட்டியதும் இதையேதான்.

அப்பா ஒருமுறை அந்தக் கயிற்றைப் பிடித்து நின்றவர். "கயித்து மேலேயே ஒரு தூர் நிக்கும். அது உள்ளயா, வெளியயா? அதுக்கே அரை மணி நேரம் பேசுவோம்" என்றார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏனென்றால் இதே கேள்வி நாட்டின் பெரிய புள்ளியியல் அறிஞர்களுக்குள்ளும் எழுந்திருக்கிறது. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ், மிகச் சிறிய துண்டுகளில் அறுத்துப் பார்த்தாலே போதும் என்றவர். பி.வி.சுகாத்மே அதை மறுத்தார். துண்டு சிறியதாக இருந்தால், எல்லைக் கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது என்று 1946-இல் எழுதினார். துண்டு சிறுக்கச் சிறுக்க, பரப்புக்கு எல்லை அதிகம் அல்லவா? வெளியே நிற்க வேண்டிய தூர் உள்ளே வந்ததும், என் கணக்கில் ஒரு 50 நான்காக வந்ததும் ஒரே சாதிப் பிழை. அப்பா சுகாத்மேயின் பெயரைக் கேட்டதில்லை. நானும் அதுவரை பாடத்தில் ஒரு பெயராகத்தான் அவரை வைத்திருந்தேன்.

"அப்ப அந்தத் தூரை என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"வேர் எந்தப் பக்கமோ, தூரும் அந்தப் பக்கம்" என்றார் அப்பா. கதிர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரியாம்.

திங்கட்கிழமை இதை அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். இப்போதும் மாத முதல் தேதியன்று நான் பட்டனைத் தட்டுகிறேன். அவர் நோட்டை விரித்து, விரலால் ஓட்டிக் கூட்டுகிறார். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் சாரிடம் தாள் போகும். கணினி சொன்ன எண்ணை அவர் தம் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார். பேனாவால் எழுத இன்னும் மனம் வரவில்லையாம்.